துப்பாக்கிக் கணக்கு

சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தில் ஆயுத உரிமக் கோப்புகளைப் பார்த்த எழுத்தர் நான். சொந்த ஊர் கோட்டையூர். ஓய்வு பெற்றுவிட்டேன், ஆனால் ஊரில் பாதிப் பேருக்கு இன்னும் ‘லைசென்ஸ் கிளார்க்’தான். துப்பாக்கி என்றதும் மற்றவர்களுக்கு வெடிச் சத்தம் நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது கனமான ஒரு பேரேடு. பெயர், தகப்பனார் பெயர், ஊர், துப்பாக்கியின் வகை, செய்த கம்பெனி, எண் என்று அதில் பத்திகள். கடைசிப் பத்தி காலியாக இருந்தால் முன்னால் இருப்பதெல்லாம் எழுதி என்ன பயன்?

கள்ளத் துப்பாக்கிக் கடத்தலைத் தடுக்க நாடுகள் ஒன்றுசேர வேண்டும், கணினி வழியாகத் தகவலைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். நல்லதுதான். ஆனால் இந்த யோசனை நேற்று முளைத்ததல்ல. எங்கள் சீமையில் துப்பாக்கிக்கும் எல்லைக்கும் கணக்குக்கும் 200 வருஷத்துத் தொடர்பு உண்டு. கடல் தாண்டி வந்த துப்பாக்கியைக் காட்டிக்கொடுத்தது பெரும்பாலும் எங்கோ ஒரு குமாஸ்தா எழுதிவைத்த எண்தான் என்பது என் கட்சி. குமாஸ்தா வேறு என்ன சொல்வான் என்று சிரிக்கலாம். கதையைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எங்கள் பக்கத்துச் சிறுவயலில்தான் சின்ன மருது வாழ்ந்தார். 1801 ஜூலைக் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை நெருங்கியபோது, எதிரிக்குப் பயன்படக் கூடாதென்று அவரே ஊருக்குத் தீ வைத்தார். அங்கே முகாம் போட்ட படை, காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட ஒரு மாதம் பாடுபட்டுத் தோற்றுத் திரும்பியது. அக்டோபர் 1-ல் வேறு வழியாக வந்து காளையார்கோவிலைப் பிடித்தது. அக்டோபர் 24-ல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். சின்ன மருதுவின் பிள்ளை துரைசாமி உள்ளிட்டவர்களை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள். இதெல்லாம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடமாகவே தெரியும்.

அதிகம் பேசப்படாதது நடுவில் வந்த ஒரு காகிதம். 1801 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்க வேண்டும், அவர்களும் அவர்களுடைய ஆட்களும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஊர் ஊராக ஆயுதம் பிடுங்கும் வேலை நடந்தது. வேல், ஈட்டி, திரி வைத்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கி எல்லாம் போயின. வளரியும் அந்த வேகத்தில் வழக்கொழிந்தது. தனக்கு வளரி வீசக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று, அவரையே எதிர்த்துப் போரிட்ட கர்னல் வெல்ஷ் 1830-ல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்தார்.

அலுவலக மூளையோடு அந்தப் பிரகடனத்தைப் பார்த்தால் ஒரு ஓட்டை தெரியும். ஊர்க் கொல்லர் உலையில் அடித்த குழலுக்கு எண் ஏது? ஊரில் மொத்தம் எத்தனை துப்பாக்கி என்ற கணக்கே இல்லாதபோது, ஒப்படைத்தது போக எத்தனை பாக்கி என்று யார் சொல்வது? கம்பெனியால் மிரட்ட முடிந்தது, எண்ணிப் பார்க்க முடியவில்லை.

எண்ணிப் பார்க்கும் காலம் பிறகு வந்தது. 1857-க்குப் பின் 1860-ல் ஒரு சட்டம், லிட்டன் பிரபு காலத்தில் 1878-ல் இன்னொரு சட்டம். இந்த 1878-ஆம் வருஷத்து 11-ஆம் எண் சட்டம்தான் உரிமம், பதிவேடு, வியாபாரிக்குத் தனி லைசென்ஸ் என்று எங்கள் தொழிலையே உண்டாக்கியது. கூடவே ஓர் அநியாயத்தையும் உண்டாக்கியது. வெள்ளைக்காரருக்கு விதிவிலக்கு, உள்ளூர்க்காரருக்கு உரிமம். காட்டுப்பன்றி சோளக்கொல்லையை அழித்தாலும் சம்சாரி கலெக்டர் கச்சேரியில் கால்கடுக்க நிற்க வேண்டும். 1887-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டிலேயே இந்தச் சட்டத்தைப் பற்றிக் காரசாரமான பேச்சு நடந்து தீர்மானமும் போட்டார்கள். குடிமக்களை நம்பாத அரசாங்கம் போட்ட சட்டம் அது. அந்த நம்பிக்கையின்மையில் பிறந்த பேரேடுதான் பின்னாளில் சுதந்திர நாட்டின் காவலுக்கும் பயன்பட்டது. வரலாற்றில் இப்படி நடப்பதுண்டு, யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. கோட்டையூருக்கு வடக்கே கொஞ்ச தூரம் போனால் அன்றைக்குப் புதுக்கோட்டைச் சமஸ்தானம். கடியாபட்டியும் ராயவரமும் தொண்டைமான் சீமை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் எங்களுக்குள்ளேதான், ஆனால் சட்டம் வேறு. பிரிட்டிஷ் இந்தியாவின் ஆயுதச் சட்டம் சமஸ்தானத்தில் தானாகச் செல்லாது. கல்யாணத்துக்கு அந்தப் பக்கம் போகிறவர் தோளில் துப்பாக்கி இருந்தால் அது இன்னொரு அரசாங்கத்தின் விவகாரம் ஆகிவிடும். 1948 மார்ச்சில் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு சேர்ந்த பிறகுதான் இந்த வினோதம் முடிந்தது.

இதைவிடப் பெரிய ஓட்டை பிரெஞ்சுக்காரரிடம் இருந்தது. வங்காளத்தில் சந்திரநாகூர், நம் பக்கத்தில் பாண்டிச்சேரியும் காரைக்காலும். சந்திரநாகூருக்குள் துப்பாக்கி தாராளமாக வந்து இறங்கி, தெரு தாண்டி பிரிட்டிஷ் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. அதைத் தடுக்க முனைந்த சந்திரநாகூர் மேயர் தார்திவேலின் வீட்டில் 1908 ஏப்ரலில் புரட்சிக்காரர்கள் குண்டு வீசினார்கள். அவர் தப்பித்தார்.

மறு வருஷம் லண்டனிலிருந்து ஒரு பெட்டி பம்பாய் வந்தது. கொண்டுவந்தவர் அங்கே இந்திய மாணவர் விடுதியான இந்தியா ஹவுஸில் சமையல் வேலை பார்த்த சதுர்புஜ் அமீன். பெட்டியின் பொய்யடியில் 20 பிரௌனிங் கைத்துப்பாக்கிகளும் தோட்டாக்களும் இருந்தன. பாரிஸில் வாங்கியவை. அனுப்பியவர் சாவர்க்கர். அந்தக் கூட்டத்துத் துப்பாக்கி ஒன்றால்தான் 1909 டிசம்பர் 21-ல் நாசிக் கலெக்டர் ஜாக்சன் சுடப்பட்டார். கொலைக்குப் பின் விசாரணை பம்பாயிலிருந்து லண்டனுக்குப் போனது. சாவர்க்கர் 1910 மார்ச்சில் லண்டனில் கைதாகிக் கப்பலேற்றப்பட்டார். ஜூலை 8-ல் பிரான்சின் மார்செய்ல் துறைமுகத்தில் கப்பல் சன்னல் வழியாகக் கடலில் குதித்து நீந்திக் கரையேறினார். பிரெஞ்சுப் போலீஸ்காரர் ஒருவர் அவரைப் பிடித்துக் கப்பலிலேயே ஒப்படைத்துவிட்டார்.

பிறகுதான் வேடிக்கை. எங்கள் மண்ணில் இறங்கியவரை எங்கள் அனுமதியில்லாமல் எப்படிக் கொண்டுபோகலாம் என்று பிரான்ஸ் வழக்காடியது. ஹேக் நகரில் நடுவர் மன்றம் கூடியது. ஒப்படைத்தது முறைகேடுதான், ஆனாலும் திருப்பித் தர வேண்டிய கடமை இங்கிலாந்துக்கு இல்லை என்று 1911 பிப்ரவரி 24-ல் தீர்ப்பு. மன்றத்தின் தலைவர் பெர்னார்ட் பெல்ஜியம் நாட்டவர். பிரௌனிங் துப்பாக்கிகளும் பெல்ஜியச் சரக்குதான். துப்பாக்கிக் கடத்தலில் தொடங்கிய விவகாரம் இரண்டு நாடுகளைச் சர்வதேச மன்றத்தில் நிறுத்தியது. இரண்டு நாட்டுப் போலீஸ் எதுவரை ஒத்துழைக்கலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் இந்த வழக்கை வைத்துப் பேசுகிறார்கள்.

சாவர்க்கரின் நண்பர் வ.வே.சு. ஐயர் மட்டும் லண்டன் போலீஸ் கையில் சிக்காமல் பாரிஸ் போய், மாறுவேடத்தில் 1910 அக்டோபரில் பாண்டிச்சேரி வந்து சேர்ந்தார். அடுத்த ஜூன் 17-ஆம் தேதி காலை மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். அந்தக் கையிலும் பெல்ஜியம் பிரௌனிங்தான். பாண்டிச்சேரிக்குப் போய் ஐயரிடம் சுடப் பயின்று வந்தவர் வாஞ்சி. வாஞ்சியின் வீரத்தையும் ஆஷின் குற்றத்தையும் பற்றித் தமிழில் எழுதாதவர் இல்லை, நான் அதற்குள் போகவில்லை. எனக்குத் தோன்றுவது வேறு. ஒரு கைத்துப்பாக்கி ஐரோப்பாவில் செய்து, யார் யாரோ கை மாறி, தென்கோடி ரயில் சந்திப்பு ஒன்றில் வெடிக்கிறது. அந்த வழியில் எத்தனை சுங்கச் சாவடி, எத்தனை ராஜ்ஜியம்! ஒவ்வோர் இடத்திலும் ஒரு பேரேடு இருந்தது, ஆனால் ஒரு பேரேட்டுக்கு இன்னொரு பேரேடு தெரியாது.

பேரேடுகளை இணைப்பதற்குப் பதிலாகப் பிரிட்டிஷ் அரசு பாண்டிச்சேரியில் வேவுகாரர்களைக் குவித்தது. வீட்டு வாசலில் ஆள், தபாலாபீஸில் ஆள். ஐயர் வீட்டுக் கிணற்றில் ஒரு ஜாடி கிடந்தது, திறந்தால் உள்ளே ராஜத்துரோகக் காகிதங்கள். போலியாகத் தயாரித்து வேண்டுமென்றே போட்டவை. பாரதியின் யோசனைப்படி ஜாடியை அவர்களே பிரெஞ்சுப் போலீஸிடம் கொடுத்துவிட்டதால் தப்பினார்கள். இரண்டு நாடுகள் ஒழுங்காகத் தகவல் பரிமாறாத இடத்தில் ஜாடி போடுகிறவர்கள் நுழைந்துவிடுவார்கள். எல்லை தாண்டிய ஒத்துழைப்பு என்று வாய் நிறையப் பேசுகிறவர்கள் இந்த ஜாடியையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒத்துழைப்பின் பெயரால் அரசியல் எதிரியை மாட்டிவிடும் வேலையும் நடக்கும்.

என் கட்சிக்குச் சரியான சாட்சி கல்கத்தாவில் இருக்கிறது. 1914 ஆகஸ்ட் 26. ரோடா என்ற துப்பாக்கி வியாபாரக் கம்பெனிக்கு 202 பெட்டிகள் கப்பலில் வந்தன. சுங்க வேலையைப் பார்த்த கம்பெனி குமாஸ்தா 192 பெட்டிகளைக் கிடங்கில் சேர்த்தார். பாக்கிப் பத்தோடு மறைந்துபோனார். அந்தப் பத்துக்குள் 50 மௌசர் கைத்துப்பாக்கிகள், 46,000 தோட்டாக்கள். கைத்துப்பாக்கியின் மர உறையையே பின்னால் மாட்டிக்கொண்டால் தோளில் வைத்துச் சுடும் நீளத் துப்பாக்கி ஆகிவிடும். 44 துப்பாக்கிகள் உடனே ஒன்பது புரட்சிக் குழுக்களுக்குப் போய்விட்டன.

இது எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும்? ஒவ்வொரு மௌசரிலும் எண் இருந்தது, ரோடா கம்பெனியின் கணக்கில் அத்தனை எண்ணும் இருந்தன. எங்கே கொள்ளை நடந்து எந்தத் துப்பாக்கி கிடைத்தாலும் எண்ணைப் பார்த்து ‘இது ரோடாச் சரக்கு’ என்று போலீஸ் சொல்லிவிட்டது. 54 கொள்ளை, கொலை சம்பவங்களில் இவை பயன்பட்டன என்றும், 31 திரும்பக் கிடைத்தன என்றும் 1918-ல் வந்த ரௌலட் குழு அறிக்கை கணக்குச் சொல்கிறது. அந்தக் குழுவில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி சி.வி. குமாரசாமி சாஸ்திரியும் ஓர் உறுப்பினர். அதே அறிக்கையிலிருந்து பிறந்த சட்டத்தைக் காந்தி ஏன் எதிர்த்தார் என்பது நாடறிந்தது. ஆனால் அறிக்கையின் அந்த எண் கணக்கைத் தொழில்காரன் என்ற முறையில் நான் வியந்துதான் படித்தேன். களவுக்கு வழிசெய்தது ஒரு குமாஸ்தா, களவைத் தொடர வழிசெய்தது அதே கம்பெனியின் இன்னொரு குமாஸ்தா எழுதிய பட்டியல்.

செட்டிநாட்டுக்குத் துப்பாக்கி வந்த கதையும் கப்பல் கதைதான். மோல்மெயின், ரங்கூன், பேகு, தாட்டன் என்று கொண்டுவிற்கப் போனவர்கள் பணம் புழங்கிய இடத்தில் காவலுக்குத் துப்பாக்கி வைத்துக்கொண்டார்கள். சென்னையின் பேர்போன கடிகாரக் கம்பெனி பி. ஆர் அண்ட் சன்ஸ் வேட்டைத் துப்பாக்கியும் விற்றது, ரங்கூனிலும் அதற்குக் கிளை இருந்தது. பர்மா அப்போது இந்தியாவின் ஒரு மாகாணம், 1878 சட்டமே அங்கும் செல்லும். ரங்கூனில் வாங்கிக் காரைக்குடியில் வைத்துக்கொள்ளலாம். 1937 ஏப்ரல் 1-ல் பர்மா தனியாகப் பிரிந்ததும் அதே துப்பாக்கி வெளிநாட்டுச் சரக்கு ஆகிவிட்டது.

அப்படி ஒரு துப்பாக்கியோடு எனக்கே மல்லுக்கட்ட நேர்ந்தது. மத்திய உள்துறை 2012 வாக்கில் நாட்டின் உரிமங்கள் அனைத்தையும் தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் ஏற்றச் சொன்னது. ஒவ்வோர் உரிமதாரருக்கும் ஒரு தனி அடையாள எண். அந்த எண் இல்லாத உரிமம் செல்லாது. இதற்கு விதித்த கெடுவைப் பலமுறை நீட்டினார்கள், ஏனென்றால் எல்லா மாவட்டத்திலும் பழைய பேரேடுகள் எங்கள் பேரேட்டைப் போலத்தான் இருந்தன. கரையான் அரித்த பக்கம், மூன்று கை எழுத்து, தகப்பன் இறந்த பின்னும் தகப்பன் பெயரிலேயே ஓடும் உரிமம். இளம் பையன்கள் இருவர் கணினியில் தட்டிக்கொண்டே போவார்கள். திரையில் துப்பாக்கி எண் என்ற கட்டம் காலியாக இருந்தால் மேலே நகராது. அங்கேதான் என்னைக் கூப்பிடுவார்கள்.

ஒரு பெரிய வீட்டு உரிமத்தில் எண் இருந்தது, ஆனால் இரட்டைக் குழல் தோட்டாத் துப்பாக்கிக்குப் பொருந்தாத எண். வீட்டுக்காரருக்கு எண்பது வயதிருக்கும். ஆயுதப்படை ஆர்மரரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

“என்ன தம்பி, புடுங்கிக்கிட்டுப் போக வந்துட்டிகளா?” என்றார்.

“இல்லண்ணே, நம்பர் பார்க்கணும்.”

“ஐயா ரெங்கூன்ல வாங்குனது. நம்பர்தான் புஸ்தகத்துல இருக்கே.”

ஆர்மரர் துப்பாக்கியை மடக்கித் திறந்து, குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றினார். உள்ளே கறுப்புப் பிசுக்கு. மண்ணெண்ணெய் தொட்டுத் துணியால் துடைத்து, சாக்பீஸை அழுத்தித் தேய்த்து, விரலால் வழித்தார். வெள்ளைப் பொடி தங்கிய பள்ளத்தில் முதலில் சின்னக் கிரீடம் ஒன்று தெரிந்தது. குழலைச் சோதித்துப் பர்மிங்காமில் போட்ட முத்திரை. அதற்குப் பக்கத்தில் ஐந்து இலக்கம். விசைக்காப்பின் வாலிலும் அதே ஐந்து இலக்கம். குழல் மேலே சித்திர எழுத்தில் கடைப் பெயர், மெட்ராஸ், ரங்கூன். உரிமப் புத்தகத்தில் இருந்தது ரங்கூன் லைசென்ஸின் எண். மூன்று தலைமுறையாக யார் யாரோ அதையே பார்த்துப் பார்த்து நகல் எழுதியிருக்கிறார்கள். அந்தத் துப்பாக்கி களவு போய் எங்கோ அகப்பட்டிருந்தால், இது கோட்டையூர்த் துப்பாக்கி என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. அவரிடம் விளக்கினேன். “அப்ப இத்தனை நாளும் இது கணக்குல வராத சரக்கா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். பர்மாக் கணக்கு எழுதிய வம்சம், சட்டென்று பிடித்துக்கொண்டார்.

நகரத்தார் வட்டிக்கடைக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இப்போது நான் சொல்லப்போவது எளிதில் புரியும். ரங்கூன் கடையில் மேலாள் குறிப்பும் பேரேடும் எழுதி, ஐந்தொகை போட்டு ஊருக்கு அனுப்புவார். ஊரில் முதலாளி தன் கணக்கோடு வைத்துப் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் கணக்கு நேர். இண்டர்போல் நடத்தும் ஐ-ஆர்ம்ஸ் என்ற தரவுத்தளம் செய்வதும் இதைத்தான். களவு போனது, தொலைந்தது, கடத்தப்பட்டது என்று ஒரு நாடு தன் துப்பாக்கி எண்ணை அதில் ஏற்றும். இன்னொரு நாட்டில் அது அகப்பட்டால் பொருந்திப் பார்க்கலாம். செய்த நாட்டுக்கும் கேட்டு எழுதலாம், யாருக்கு விற்றாய் என்று. தோட்டாவிலும் அதன் வெற்றுக் கூட்டிலும் விழும் கீறலை நாடுகளுக்கிடையே ஒப்பிட அதே அமைப்பிடம் தனி வலையமைப்பு உண்டு. இந்தியா 1949 முதல் இண்டர்போலில் இருக்கிறது, டெல்லியில் சி.பி.ஐ.தான் அதன் வாசல். மாநிலப் போலீஸ் கடிதம் மேல் கடிதம் போட்டுக் காத்திருந்த வேலையைச் சுருக்க 2025 ஜனவரியில் ‘பாரத்போல்’ என்ற இணையதளம் திறந்தார்கள்.

இதற்கு அடியில் சர்வதேச உடன்படிக்கைகள் இருக்கின்றன. 2001-ல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய துப்பாக்கி நெறிமுறை, செய்யும்போதே எண் பொறிக்க வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும் என்கிறது. 2005-ல் எண் தொடர்வதற்கென்றே தனி ஆவணம் வந்தது. இந்த வேலைகள் தொடங்கிய காலத்தில் ஐ.நா.வின் ஆயுதக் குறைப்புத் துறையை நடத்தியவர் இலங்கையின் ஜயந்த தனபால. நம் சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தம், எண் பொறிக்காத துப்பாக்கியை எல்லைக்குள்ளோ வெளியிலோ நகர்த்துவதையே ‘கள்ளக் கடத்தல்’ என்று வரையறுத்து, ஆயுள் தண்டனை வரை விதிக்க வழிவைத்தது. கட்சி பேசுவதற்கு எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இலங்கை என்றதும் கடலுக்கு வந்தாக வேண்டும். எங்கள் ஊரிலிருந்து தொண்டிக் கடற்கரைக்குக் காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். எண்பதுகளில் அந்தக் கடற்கரையிலும் வேதாரண்யத்திலும் ராமேஸ்வரத்திலும் என்ன ஏறியது, என்ன இறங்கியது என்பது ஊருக்கே தெரிந்த ரகசியம். 1982 மே மாதம் சென்னை பாண்டி பஜாரில் ஈழ இயக்கத் தலைவர்கள் பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டபோதுதான் பட்டணத்துக்காரர்கள் விழித்தார்கள். 1986 நவம்பர் 8 அதிகாலை, பெங்களூர் சார்க் மாநாட்டுக்குச் சில நாள் முன்பு, தமிழகக் காவல்துறை ஈழ இயக்கங்களின் இருப்பிடங்களில் ஒரே நேரத்தில் புகுந்து ஆயுதங்களைக் கைப்பற்றியது. அதுவரை கண்டும் காணாமலும் இருந்ததும் அரசுதான், அன்றைக்குப் பிடித்ததும் அரசுதான். அரசே ஒரு பக்கம் கொடுத்து இன்னொரு பக்கம் பிடுங்கும்போது எந்தப் பேரேடும் நேராக இருக்காது.

தொண்ணூறுகளில் பாக் நீரிணையில் கடற்படை ரோந்து நிலையானது. உச்சிப்புளியில் இன்று இருக்கும் ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளம் அந்தக் கண்காணிப்பின் தொடர்ச்சி. 2010-ல் இந்தியாவும் இலங்கையும் குற்ற வழக்குகளில் பரஸ்பர சட்ட உதவிக்கு ஒப்பந்தம் செய்தன. இலங்கை, இந்தியா, மாலத்தீவு மூன்றும் சேர்ந்து தொடங்கிய கடல் பாதுகாப்பு ஏற்பாடு இப்போது கொழும்புப் பாதுகாப்பு மாநாடு என்ற பெயரில் நடக்கிறது.

இலங்கையில் போர் முடிந்த பிறகு துப்பாக்கி நின்றுவிட்டதா? 2020 நவம்பரில் ‘ஷெனாயா துவா’ என்ற இலங்கைப் படகைத் தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரக் காவல்படை மறித்தது. சுமார் 100 கிலோ ஹெராயின், ஐந்து 9 மி.மீ. கைத்துப்பாக்கிகள், ஒரு துரையா செயற்கைக்கோள் போன். 2021 மார்ச்சில் மினிக்காய்த் தீவருகே ‘ரவிஹன்சி’. அதில் 300 கிலோ ஹெராயின், ஐந்து ஏ.கே.47, 1,000 தோட்டாக்கள். படகை விழிஞ்ஞத்துக்குக் கொண்டுவந்தார்கள், வழக்கைத் தேசியப் புலனாய்வு முகமை எடுத்துக்கொண்டது. விசாரணையின் நூல் பாகிஸ்தான் பக்கமும் இலங்கைப் பக்கமும் போனதோடு, தமிழ்நாட்டுக்குள்ளும் வந்து கைதுகளில் முடிந்தது. கொள்கைக்காக வந்த துப்பாக்கி போய், போதைக்குக் காவலாகத் துப்பாக்கி வரும் காலம் இது. படகைப் பிடிப்பது கடலோரக் காவல்படையின் திறமை. ஆனால் பிடிபட்ட ஏ.கே.47 எந்த ஆலையில் பிறந்து, எந்தப் படையின் கிடங்கிலிருந்து கழன்றது என்று கேட்க ஆரம்பித்தால், மறுபடி எண்ணுக்கும் அடுத்த நாட்டின் பதிவேட்டுக்கும்தான் போக வேண்டும். அடுத்த நாடு பதில் எழுதாவிட்டால் விசாரணை அங்கேயே உட்கார்ந்துவிடும். எத்தனை கணினி வைத்தாலும் பதில் எழுதுகிறவர் மனிதர்தான்.

எண்ணே இல்லாதவற்றுக்கு என்ன செய்வது? கல்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் போலீஸ் தண்டோரா போட்டு, வழக்குப் போட மாட்டோம், ஒப்படையுங்கள் என்று நாட்டுத் துப்பாக்கிகளை வாங்குகிறது. கருமருந்தும் தேங்காய் நாரும் சைக்கிள் பால்ஸும் போட்டு இடித்துச் சுடும் அந்தத் துப்பாக்கிகளின் குழலில் ஒரு கீறல் எண்கூடக் கிடையாது. 1801-ல் கிளைவ் முட்டிக்கொண்ட சுவர்தான் இது. மறுகோடியில், 2013-ல் அமெரிக்காவில் ஒருவர் பிளாஸ்டிக் துப்பாக்கியின் வரைபடத்தை இணையத்தில் விட்டார். முப்பரிமாண அச்சுப்பொறி இருந்தால் வீட்டிலேயே அச்சடிக்கலாம். அமெரிக்க அரசு தடுப்பதற்குள் இரண்டே நாளில் ஒரு லட்சம் பேர் இறக்கிக்கொண்டார்கள். கொல்லன் உலை கணினி மேசைக்கு வந்துவிட்டது, எண் மட்டும் வரவில்லை.

எங்கள் கோட்டையூர் எழுத்தைச் சேர்த்துவைத்த ஊர். ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த ஒரு லட்சம் நூல்களும் பத்திரிகைகளும்தான் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. கல்யாண அழைப்பிதழைக்கூட விடாமல் அவர் எடுத்துவைத்தார். ஆனால் துப்பாக்கி விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் அவ்வளவு கவனமாக இல்லை. வீடுகளை இடித்து விற்கும்போது தேக்குத் தூணுக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கும் ஏலம் கேட்க ஆள் வருகிறது. பரணிலிருந்து பழைய துப்பாக்கி ஒன்று விழுந்தால், சத்தமில்லாமல் யார் கையிலோ போய்விடுகிறது. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். தாத்தா பெயரில் உரிமம் இருந்தது என்பதே அவர்களுக்குத் தெரியாது.

அவர்களுக்குச் சொல்கிறேன். உரிமதாரர் இறந்த பிறகு துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பது குற்றம். ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி அதைத் தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வேண்டுமென்றால் வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு உரிமம் கேட்டு மனுச் செய்யலாம், வேண்டாமென்றால் அங்கேயே விட்டுவிடலாம். ரசீதில் கையெழுத்துப் போடுவதற்கு முன் முன்கட்டையைக் கழற்றச் சொல்லி, உள்ளே இருக்கும் எண் ரசீதில் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.